சுமைதாங்கிகளும் களைப்படைகின்றன

நமது பழைய தெருவோரங்களில் சுமைதாங்கிக் கற்கள் நின்றன. தலைச்சுமையோடு நடந்து வருபவர் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி வைத்து, இளைப்பாறிச் செல்வதற்காக நம் முன்னோர் அவற்றை நாட்டினார்கள். கிராமத்துக் குருவானவரும் போதகரும் இத்தகைய சுமைதாங்கிகளே. ஆனால் அவர்கள் கற்களல்லர் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய லிங்கநகர் போன்ற குடியிருப்புகளில் பணிபுரியும் ஒரு குருவானவரின் மாலை வேளையைச் சற்று எண்ணிப் பார்ப்போம். கணவனின் குடியால் மனமுடைந்த பெண் ஒருவர் வருகிறார். காணி உறுதி இல்லாத குடும்பத்தினர் பிரதேச செயலகத்துக்குக் கடிதம் கேட்டு வருகின்றனர். கடைசியாக, பையில் மகனின் படத்தோடு ஒரு தாய் வருகிறார். "பாதர், பொடியன்ர பேரையும் பூசையில சேர்த்துச் சொல்லுங்கோ" என்கிறார். எந்தப் பட்டியலில் சொல்வது? இறந்தவர்களோடு சொன்னால் தாயின் நம்பிக்கை உடையும். உயிரோடிருப்பவர்களோடு சொன்னால் அவருடைய காத்திருப்பு நீளும். முடிவு எதுவாயினும், அன்றிரவு உறக்கமின்றிக் கிடப்பவர் குருவானவரே.

புதைக்க முடியாத துயரம்

இச்சுமையைக் கிழக்கின் திருச்சபை தன் வீட்டுக்குள்ளேயே அனுபவித்திருக்கிறது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பிறந்த யேசு சபைக் குரு யூஜின் ஹேபேர்ட் அடிகளார், 1948இல் இலங்கைக்கு வந்தார். திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியில் கற்பித்து, கூடைப்பந்தாட்டம் பயிற்றுவித்தவர் அவர். 1990 ஆகஸ்ட் மாதத்தில் மட்டக்களப்புப் பிரதேசம் படுகொலைகளாலும் பழிவாங்கல்களாலும் பற்றியெரிந்தது. ஆகஸ்ட் 15ஆம் நாள், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஒரு தமிழ் இளைஞரோடு ஸ்கூட்டரில் புறப்பட்ட அடிகளார் வந்து சேரவேயில்லை. இருவரின் உடல்களும் இன்றுவரை கிடைக்கவில்லை.

அவருடைய சபைத் தோழர் ஹரி மில்லர் அடிகளார் மட்டக்களப்பிலேயே தங்கினார். தோழரை இழந்த அவரே, பிள்ளைகளைத் தேடிய பெற்றோரின் முறைப்பாடுகளையும் கேட்டுப் பதிவு செய்து, பல தரப்பினரோடும் பேசினார். தமது துயரத்துக்கு விடை கிடைக்காத நிலையில் பிறருடைய துயரத்துக்குச் செவிகொடுப்பது எவ்வளவு கடினம்! ஓய்வுக்காக 2009இல் தாயகம் சென்ற அவர், விரைவிலேயே திரும்பி வந்துவிட்டார். 2023 ஜனவரி முதல் நாள் மட்டக்களப்பில் இறைவனடி சேர்ந்தார்.

இவர்கள் மட்டுமல்லர். மெதடிஸ்த போதகர் ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம் 1984 டிசம்பரிலும், வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்தியன் அடிகளார் 1985 ஜனவரியிலும், மட்டக்களப்பில் சந்திரா பெர்னாண்டோ அடிகளார் 1988 ஜூனிலும் கொல்லப்பட்டனர். அந்தந்த வாரத்து ஞாயிறு ஆராதனையை வேறொரு பணியாளர் நடத்த வேண்டியிருந்தது. அவருடைய கலங்கிய கண்களை யார் கவனித்திருப்பார்கள்?

எலியாவுக்குக் கடவுள் கொடுத்த மருந்து

மனச்சோர்வு விசுவாசக் குறைவு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். திருமறை அவ்வாறு கூறவில்லை. அரசர்கள் முதலாம் நூலின் 19ஆம் அதிகாரத்தில், கர்மேல் மலையில் வெற்றி கண்ட எலியா வனாந்தரத்துச் சூரைச்செடியின் கீழ் அமர்ந்து, தமக்குச் சாவு வரட்டும் என்று மன்றாடுகிறார். கடவுள் அவரைக் கண்டிக்கவில்லை, பிரசங்கமும் செய்யவில்லை. முதலில் உறங்க விடுகிறார். பின்பு அப்பமும் தண்ணீரும் கொடுத்து, மறுபடியும் உறங்க விடுகிறார். அதன் பின்னரே பேசுகிறார்: பாகாலுக்கு முழந்தாட்படியிடாத ஏழாயிரம் பேர் உண்டு, நீ தனியாள் அல்ல என்று உணர்த்துகிறார். இறுதியில் எலிசா என்னும் துணைவரையும் தருகிறார்.

உறக்கம், உணவு, தனிமை நீக்கம், துணை: இதுவே அந்த மருந்தின் ஒழுங்கு. நாமோ பெரும்பாலும் இதைத் தலைகீழாக்கி, சோர்ந்தவருக்கு முதலில் புத்திமதி கூறுகிறோம். மோசேயும் மக்களின் பாரத்தைத் தனியே சுமக்க இயலாதென்று முறையிட்டபோது, அவருக்கு எழுபது மூப்பர் பகிர்ந்தளிக்கப்பட்டனர் என்று எண்ணாகமம் கூறுகிறது. கெத்செமனித் தோட்டத்தில் நம் ஆண்டவரே மூன்று சீடர்களைத் தம்முடன் விழித்திருக்கும்படி கேட்டார். அவரே துணை கேட்டிருக்க, நம் பணியாளர்கள் கேட்பது எப்படிக் குறையாகும்?

நாம் செய்யக்கூடியவை

1. வாரத்தில் ஒரு நாளைக் குருமனையின் ஓய்வு நாளாகப் பங்குச்சபை தீர்மானிக்கட்டும். மரணமும் அவசர நோயும் தவிர வேறெதற்கும் அன்று கதவு தட்டாதிருப்போம்.

2. கடிதம் எழுதுதல், படிவம் நிரப்புதல், அலுவலகங்களுக்குத் துணைபோதல் ஆகியவற்றைப் படித்த இளைஞர் இருவர் பொறுப்பேற்கலாம்.

3. காணாமற்போனோரின் குடும்பங்கள் மாதமொரு முறை ஒன்றுகூடி, தம் பிள்ளைகளின் பெயர்களைத் தாமே சொல்லிச் செபிக்கட்டும். இறந்தோர் பட்டியலும் வேண்டாம், உயிரோடிருப்போர் பட்டியலும் வேண்டாம். அது காத்திருப்போரின் மன்றாட்டாக இருக்கட்டும்.

4. பணியாளர்கள் சபை வேறுபாடின்றி மாதமொரு முறை கூடி, மனம்விட்டுப் பேசட்டும். உறக்கமின்மையும் எரிச்சலும் வாரக்கணக்கில் நீடித்தால், உளவளத்துணையாளரையோ மருத்துவரையோ நாடுவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

5. போதகரின் மனைவியும் பிள்ளைகளும் அதே சுமையின் மறுமுனையைப் பிடித்திருப்பவர்கள். அவர்களையும் நலம் விசாரிப்போம்.

சுமைதாங்கியின் மேற்கல் அந்தரத்தில் நிற்பதில்லை. நிலத்தில் ஊன்றிய இரு கற்கள் அதைத் தாங்குகின்றன. அவற்றில் ஒன்று இறைவனின் அருள். மற்றையது மக்களாகிய நாம். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, நமது குறையைச் சொல்வதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்போம்: "பாதர், நீங்கள் சுகமாயிருக்கிறீங்களா?" கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுமையோடு நிற்போம்.