பழைய ஃபோர்க்லிஃப்ட் வாங்கும் முன்...

பாலக்காட்டின் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் இரும்புப் பொருள்களும், இடுக்கியின் வண்டன்மேடு, புற்றடி வட்டாரத்தில் ஏலக்காய் மூட்டைகளும் நாள்தோறும் கையாளப்படுகின்றன. புதிய ஃபோர்க்லிஃப்டின் விலை எட்டாத சிறு தொழில்முனைவோர், வாளையாற்றுக்கு அப்பால் கோவை வரை சென்று பழைய வண்டியைத் தேடுவது இயல்பே. புதுச் சாயம் கண்ணைக் கவரும். தேய்மானத்தையோ பழைய கடனையோ அது காட்டாது. ஆகவே, முன்பணம் அளிக்கும் முன் நாம் சரிபார்க்க வேண்டியவற்றைக் காண்போம்.

கரங்களும் சங்கிலியும்

சுமை தாங்கும் கரத்தின் வளைவுப் பகுதியே முதலில் தேயும். தேயாத செங்குத்துப் பகுதியின் தடிமனோடு அதனை ஒப்பிடுக. 40 மில்லிமீட்டர் 36 ஆகக் குறைந்திருந்தால், அதாவது 10 சதவீதம் தேய்ந்திருந்தால், கரத்தை மாற்றியே ஆக வேண்டும். தூக்கும் சங்கிலி 3 சதவீதம் நீண்டிருந்தாலும் அவ்வாறே. மாஸ்ட்டிலும் ஓட்டுநரின் தலைக்கு மேலுள்ள காப்புச் சட்டத்திலும் பற்றவைத்த தடம் தெரிந்தால், அதன் காரணத்தை வினவுக.

மணி மீட்டர்

நாளொன்றுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் உழைத்த வண்டி 2,400 மணி நேரம் ஓடியிருக்கும். பத்து ஆண்டு பழைய வண்டியின் மீட்டர் 3,000 மட்டுமே காட்டினால், பராமரிப்புப் பதிவேட்டைக் கேட்டுப் பெறுக.

சுமையுடன் சோதனை

தகட்டில் குறித்துள்ள எடையைத் தூக்கி, இயந்திரத்தை நிறுத்தி, பத்து நிமிடம் கவனிக்கவும். சுமை தானே இறங்கினால் ஹைட்ராலிக் கசிவு உண்டென அறியலாம். அவ்வேளையில் கரங்களின் கீழ் எவரும் நிற்கலாகாது. இடுக்கி போன்ற மலைப்பகுதியில் பயன்படுத்துவோர், சரிவில் பிரேக்கையும் கைப்பிரேக்கையும் தவறாது சோதிக்க வேண்டும். ஏலக்காய்க் கிடங்கிற்கு டீசல் புகை ஆகாது. மின்கல வண்டியே ஏற்றது. எனினும், பேட்டரியை மாற்றுவது பெருஞ்செலவு. ஆதலால் ஒவ்வொரு செல்லின் அமில அடர்த்தியையும் அளந்து பார்ப்பது நலம்.

ஆவணங்கள்

தொழிற்சாலை வளாகத்திற்குள் மட்டுமே இயங்கும் ஃபோர்க்லிஃப்டுக்குப் பெரும்பாலும் ஆர்.சி. புத்தகம் இருப்பதில்லை. எனவே, கார் வாங்கும்போது தெரிவதுபோல் அதன்மீதுள்ள கடன் நமக்குத் தெரியவராது. விற்பவர் அதனை வேறொரு வங்கியில் ஈடாகக் காட்டியிருந்தால், நாம் பணம் கொடுத்த பின்னும் அவ்வங்கி உரிமை கோரக்கூடும். மூல விலைப்பட்டியல், வரிசை எண், கடன் தீர்ந்ததற்கான வங்கிக் கடிதம் ஆகியவற்றைப் பெறுவதோடு, செர்சாய் எனும் மத்தியப் பதிவகத்திலும் தேடிப் பார்க்கவும்.

அனுபவமுள்ள மெக்கானிக்கை உடன் அழைத்துச் செல்லவும். அவருடைய ஆய்வறிக்கையை விலைப்புள்ளியுடன் இணைத்துத் தங்கள் கிளை மேலாளரை அணுகினால், கடன் விண்ணப்பத்தைப் பரிசீலிப்பதும் எளிதாகும். ஒரு நாள் ஆய்வுக்குச் செலவாகும் தொகை சிறிது. அது காப்பது தங்கள் முதலீட்டை மட்டுமன்று, வண்டியின் அருகில் நின்று உழைப்பவரின் உயிரையும் ஆகும்.