பரணில் கிடந்த அரசு லேப்டாப்

தீபாவளிக்கு நெய்வேலி போயிருந்தேன். நான் வளர்ந்தது டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில். அப்பா ரிட்டையர் ஆனதும் வீட்டை ஒப்படைத்தாச்சு. அதனால் இப்போதெல்லாம் போய் இறங்குவது மந்தாரக்குப்பத்தில் இருக்கும் தங்கச்சி வீட்டில்தான். சித்தப்பா மகள். சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் அவள் மகள் ஒரு பழைய லேப்டாப்பைத் துணியால் துடைத்து முன்னால் வைத்தாள். மூடியில் அரசு முத்திரை.

"மாமா, இதுல லினக்ஸ் ஏறுமா?"

அவள் அண்ணனுக்கு 2014-ல் பிளஸ் டூவில் கிடைத்த மெஷின் அது. அவன் இப்போது ஓசூரில் வேலை பார்க்கிறான். லேப்டாப் ஐந்து வருடமாகப் பரணில். இவள் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முதல் வருடம். சி புரோகிராமை வீட்டில் நோட்டில்தான் எழுதிப் பார்க்கிறாள். மச்சான் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. புது லேப்டாப் முப்பதாயிரத்துக்கு மேல் என்பதால் அந்தப் பேச்சையே வீட்டில் யாரும் எடுப்பதில்லை. ஒரு கடையில் காட்டியிருக்கிறார்கள். "போர்டு பழசு, விண்டோஸ் 11 ஏறாது, இதுல காசு போடாதீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், 4 ஜிபி ரேம் வேண்டும், பிராசசரும் மைக்ரோசாஃப்ட் பட்டியலில் இருக்க வேண்டும். இன்டெல் என்றால் தோராயமாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான். 2014 மெஷினுக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது, தீபாவளிக்கு ஆறு நாள் முன்னால். ஆனால் "ஆதரவு இல்லை" என்பது ஒரு கம்பெனி எடுத்த முடிவு. "ஓடாது" என்பது வேறு விஷயம். இரண்டையும் ஒன்றாகக் கேட்டுக் கேட்டு நமக்குப் பழகிப்போச்சு.

இந்த மெஷின்களின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள். அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்துப் போட்டுக் கொடுத்தார்கள். பாஸ் என்பது பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். சென்னை சி-டாக்கில் உருவாக்கியது, முதல் பதிப்பு 2007 ஜனவரியில் வந்தது. அடித்தளம் டெபியன் லினக்ஸ். அதாவது தமிழ்நாட்டுப் பிள்ளைகள் லட்சக்கணக்கில் கையில் லினக்ஸோடு பள்ளியை விட்டு வெளியே வந்தார்கள். அண்ணன்காரனுக்குப் போன் போட்டுக் கேட்டேன், பாஸைத் திறந்து பார்த்திருக்கிறாயா என்று. "அது என்ன மாமா?" என்றான். சில மாதத்திலேயே யாரோ நண்பன் மொத்தத்தையும் அழித்துவிட்டு விண்டோஸ் மட்டும் போட்டுக் கொடுத்தானாம். அவன் மேல் தப்பில்லை. எந்த வகுப்பிலும் யாரும் அதைத் திறந்து காட்டவில்லை. எனவே நான் டெபியன் ஏற்ற உட்கார்ந்தது புதுப் பரிசோதனை ஒன்றும் இல்லை. 2011-ல் அரசாங்கமே செய்த வேலையின் மறுபதிப்புதான்.

கேட்பவர்களுக்கு ஒரு குறிப்பு. முதலில் பிராசசர் 64 பிட்டா என்று பாருங்கள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ல் 32 பிட் மெஷினுக்கான இன்ஸ்டாலரே கிடையாது. அப்படிப்பட்ட மெஷினுக்கு டெபியன் 12 தான். இந்த மெஷின் 64 பிட், ஆனால் ரேம் 2 ஜிபி. ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கிப் போட்டேன். மொத்தச் செலவு அது மட்டும்தான்.

பென்டிரைவில் டெபியனை எழுதிச் செருகினேன். பூட் ஆனது. வைஃபையும் தானாகவே பிடித்துக்கொண்டது. முன்பெல்லாம் இது நடக்காது. வைஃபை சிப்புக்கான ஃபர்ம்வேர் சுதந்திர மென்பொருள் இல்லை என்பதால் அதிகாரபூர்வ டெபியன் இன்ஸ்டாலரில் அது இருக்காது. வேறொரு கம்ப்யூட்டரில் இறக்கி, இன்னொரு பென்டிரைவில் கொண்டுவர வேண்டும். 2022-ல் டெபியன்காரர்கள் ஓட்டெடுப்பு நடத்திக் கொள்கையை மாற்றினார்கள், 2023-ல் வந்த டெபியன் 12 முதல் உள்ளேயே வருகிறது. கொள்கைக்காரர்களுக்கு வருத்தம் இருக்கலாம். வீட்டில் இருப்பதே ஒரே ஒரு பழைய மெஷின் என்பவர்களுக்கு இது பெரிய உபகாரம்.

எக்ஸ்பர்ட் மோடில் போனேன். நேரத்தை இணையத்திலிருந்து எடுக்கட்டுமா என்று கேட்டது. அவசரத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரத்தில், பேக்கேஜ் பட்டியல் செல்லாது என்று நின்றுவிட்டது. சர்வரை மாற்றினேன், ஹாட்ஸ்பாட்டை மாற்றினேன், இரண்டு மணி நேரம் போச்சு. காரணம் கடிகாரம். போர்டில் இருக்கும் நாணய பேட்டரி செத்துவிட்டதால் மெஷின் 2013 ஜனவரி 1-ல் உட்கார்ந்திருந்தது. 2025-ல் கையெழுத்திட்ட பட்டியலைக் காட்டினால், இது இன்னும் பிறக்கவே இல்லையே என்கிறது. நியாயம்தானே! தேதியைச் சரிசெய்ததும் மடமடவென்று ஓடியது.

எல்லாம் ஏறி, பூட்லோடர் போடும் கட்டம் வந்தபோது கரண்ட் போச்சு. டவுன்ஷிப்பில் வளர்ந்தவனுக்குக் கரண்ட் போகும் என்ற நினைப்பே வராது. மந்தாரக்குப்பம் வேலிக்கு வெளியே இருக்கிறது. லேப்டாப் பேட்டரியும் எப்போதோ செத்தது. திரை கறுத்தது.

கரண்ட் வந்து ஆன் செய்தால், பூட் செய்ய எதுவும் இல்லை என்று ஒரே ஒரு வரி. அவள் முகம் விழுந்துவிட்டது. "எல்லாம் போச்சா மாமா, திரும்ப முதல்ல இருந்தா?"

போகவில்லை. அவளுக்குச் சொன்ன விளக்கத்தை இங்கேயும் சொல்கிறேன். அனல்மின் நிலையம் மின்சாரம் தயாரிக்கும் இடம். ஆனால் அதைத் தொடங்கவே மின்சாரம் வேண்டும். கொதிகலனுக்குத் தண்ணீர் தள்ளும் பம்பு, காற்று ஊதும் விசிறி, பழுப்பு நிலக்கரியை அரைக்கும் மில் எல்லாமே மின்சாரத்தில் ஓடுபவை. நிலையம் முழுதாக நின்றுபோனால் வெளியிலிருந்து கிரிட் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் வர வேண்டும். கிரிட்டே விழுந்துவிட்டால், தானாகத் தொடங்கக்கூடிய நீர்மின் நிலையம் போன்ற ஒன்றிலிருந்து முதல் மின்சாரத்தைக் கொண்டுவர வேண்டும். கம்ப்யூட்டரும் அப்படித்தான். டிஸ்கில் இருக்கும் ஓஎஸ்தான் டிஸ்கைப் படிக்கத் தெரிந்தது. ஆனால் அந்த ஓஎஸ்ஸையே டிஸ்கிலிருந்து படித்து ரேமில் ஏற்ற வேறு ஒருவர் வேண்டும். அந்த ஒருவர்தான் பூட்லோடர். லினக்ஸில் பெரும்பாலும் கிரப். அவள் மெஷினில் ஓஎஸ் முழுதாக இருந்தது, முதல் மின்சாரம் கொண்டுவர ஆள் இல்லை.

அதனால் திரும்ப இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. அதே பென்டிரைவில் ரெஸ்க்யூ மோட் என்று ஒன்று இருக்கிறது. அதில் போய், லினக்ஸ் இருக்கும் பார்ட்டிஷனைக் காட்டி, கிரப்பை மட்டும் திரும்பப் போடச் சொன்னேன். பிழை எதுவும் இல்லாமல் முடிந்தது. ரீஸ்டார்ட். மறுபடியும் அதே வரி: பூட் செய்ய எதுவும் இல்லை.

இந்த இடத்தில்தான் பலரும் கைவிடுகிறார்கள். "இந்த மாடலுக்கு லினக்ஸ் சப்போர்ட் இல்லை" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். நானும் ஒரு காபி குடித்துவிட்டுத்தான் வந்தேன். அப்போது அவள் கேட்ட கேள்வி: "அப்போ பென்டிரைவை மட்டும் எப்படி மாமா ஏத்துக்குது?"

சரியான கேள்வி. பதிலும் அதற்குள்ளேயே இருந்தது. பழைய பயாஸ் காலத்தில் டிஸ்கின் முதல் 512 பைட்டை ஃபர்ம்வேர் கண்ணை மூடிக்கொண்டு படித்து ஓட்டும். பூட்லோடரின் முதல் துண்டுக்கு அதில் கிடைத்தது 446 பைட். யூஇஎஃப்ஐ வந்த பிறகு அப்படி இல்லை. டிஸ்கில் ஃபேட் முறையில் அமைந்த ஒரு சின்னப் பார்ட்டிஷன் இருக்கும். பூட்லோடர் அதில் ஒரு சாதாரண ஃபைல். டெபியன் தன் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு, அதில் பூட்லோடரை வைத்து, "டெபியன் என்று ஒருவர் இந்த முகவரியில் இருக்கிறார்" என்று போர்டில் உள்ள நினைவகத்தில் பதிவு செய்யும். ஃபர்ம்வேர் அந்தப் பதிவைப் படித்து அந்த ஃபைலை ஓட்ட வேண்டும் என்பது விதி.

விதி அது. ஆனால் விண்டோஸ் ஏறுகிறதா என்று மட்டும் பார்த்து ஃபேக்டரியை விட்டு அனுப்பிய சில மெஷின்களின் ஃபர்ம்வேர் இந்தப் பதிவேட்டைச் சீண்டுவதே இல்லை. அதற்கு மனப்பாடமாகத் தெரிந்த முகவரி இரண்டுதான். ஒன்று, மைக்ரோசாஃப்ட் ஃபோல்டரில் விண்டோஸ் பூட் மேனேஜர் இருக்கும் இடம். இன்னொன்று, பூட் என்ற ஃபோல்டரில் பூட்எக்ஸ்64 என்ற பெயரில் இருக்கும் ஃபைல். இந்த இரண்டாவது, பென்டிரைவ் போன்றவற்றுக்காக யூஇஎஃப்ஐ விதியிலேயே ஒதுக்கிய பொது முகவரி. பென்டிரைவை இன்றைக்கு இந்த மெஷினில் செருகுவோம், நாளைக்கு வேறொன்றில்; அதற்கென்று எல்லா போர்டிலும் பதிவு இருக்க முடியாதே. அதனால் எங்கே செருகினாலும் இந்த இடத்தில் பார் என்று வைத்திருக்கிறார்கள்.

ஆக, கிரப் சரியாகத்தான் போயிருந்தது. இந்த மெஷின் எட்டிப் பார்க்காத தெருவில் போய்க் குடியிருந்தது, அவ்வளவுதான். டவுன்ஷிப்பில் வீட்டு எண் மட்டும் சொல்லி பிளாக் எண் சொல்லாமல் விட்டால் தபால்காரர் எப்படி நிற்பாரோ அந்த நிலைமை.

தீர்வு அதே ரெஸ்க்யூ மோடில், முன்பு தேர்ந்தெடுத்த வரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது: கிரப்பை ரிமூவபிள் மீடியா முகவரியிலும் கட்டாயமாகப் போடு என்று. டெர்மினலில் செய்பவர்கள் கிரப்-இன்ஸ்டால் கட்டளையோடு ரிமூவபிள் என்ற ஆப்ஷனைச் சேர்த்தால் போதும். டெபியன் எக்ஸ்பர்ட் மோடில் இன்ஸ்டாலரே இதைக் கேட்கும். எனக்கு அந்தக் கேள்வி வருவதற்குள் கரண்ட் போயிருந்தது. எஸ்எஸ்டியைப் பென்டிரைவ் மாதிரி வேஷம் போட வைக்கிறோம். மெஷின் நம்பிவிடுகிறது. மெனு வந்தது, டெபியன் வந்தது.

செக்யூர் பூட் பற்றியும் ஒரு பத்தி. விண்டோஸ் 8 காலத்திலிருந்து, மைக்ரோசாஃப்ட் சாவியால் கையெழுத்திட்ட பூட்லோடரை மட்டுமே ஓட்டும் வழக்கம் வந்தது. டெபியனுக்கு அப்படிக் கையெழுத்து வாங்கிய ஷிம் என்ற சின்ன முன்-பூட்லோடர் இருப்பதால் இன்று ஓடுகிறது. ஆனால் அந்த 2011 சாவியின் சான்றிதழ் 2026 ஜூனோடு காலாவதி. ஏற்கெனவே கையெழுத்தான ஷிம் அதனால் நின்றுவிடாது. ஆனால் அதற்குப் பிறகு வருபவை 2023 சாவியில்தான் வரும், ஃபர்ம்வேர் அப்டேட் நின்றுபோன போர்டுக்கு அந்தச் சாவி தெரிந்திருக்காது. மாணவி வீட்டில் வைத்து சி எழுதும் மெஷினுக்கு இந்தத் தலைவலி வேண்டாம் என்று செக்யூர் பூட்டை அணைத்தேன். அந்த வரி முதலில் சாம்பல் நிறத்தில், தொட முடியாமல் இருந்தது. இப்படி இருந்தால் செட்டப்பில் சூப்பர்வைசர் பாஸ்வேர்ட் ஒன்று வைத்துப் பாருங்கள். சில போர்டுகளில் அதன் பிறகுதான் திறக்கும். வேலை முடிந்ததும் பாஸ்வேர்டை எடுத்துவிடுங்கள். அதை மறந்தால் போர்டையே மாற்றும்படி ஆகிவிடும், நாமே வைத்த பூட்டு அது.

2 ஜிபி ரேமில் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் நன்றாகவே ஓடுகிறது. பிரவுசரில் இரண்டு டேப் தாண்டினால் மூச்சு வாங்குகிறது. ரேமின் ஒரு பகுதியைச் சுருக்கி ஸ்வாப்பாகப் பயன்படுத்தும் இசட்-ராமைப் போட்டதும் கொஞ்சம் தேவலை. ஜிசிசி, பைத்தான், ஒரு எடிட்டர், இவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. கீபோர்டு செட்டிங்கில் தமிழ்நெட்99 இருப்பதைக் காட்டினேன். முதல் புரோகிராமில் வணக்கத்துக்குப் பதிலாக அவள் அண்ணன் பெயரைத் தமிழில் அச்சிட்டு, போட்டோ எடுத்து ஓசூருக்கு அனுப்பினாள்.

நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியோடு கட்டியது. 1962-ல் ஓடத் தொடங்கி, கட்டியவர்களின் நாடே இல்லாமல் போன பிறகும் ஓடி, 2020-ல்தான் நின்றது. உள்ளூர் ஆட்கள் பாகம் பாகமாகப் பார்த்துப் பார்த்து ஓட்டினார்கள். மச்சானிடம் இதைச் சொன்னபோது, "அதுல கழட்டி மாட்டத் தெரிஞ்சவங்க இருந்தாங்க, இதுல யாரு இருக்கா?" என்றார்.

மறுநாள் காலையில் எதிர்வீட்டு அம்மா அவர்கள் பையனுடைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதே முத்திரை, வேறு வருடம். ஆன் செய்ததும் ஹார்ட் டிஸ்க் டக் டக்கென்று அடித்தது. டிஸ்கே போயிருக்கிறது, அதில் போட்டோ ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். பையன் கல்யாண போட்டோ இருக்கிறது என்றார்கள். மேற்கொண்டு ஆன் செய்யாதீர்கள் என்று சொல்லி, டிஸ்கை மட்டும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். இன்னும் திறக்கவில்லை.