திட்டம் போடும் குழுவில் பெற்றோரும் உறுப்பினர்

மேஜையின் ஒரு பக்கம் வகுப்பாசிரியர், சிறப்பாசிரியர், பள்ளி உளவியலாளர், நிர்வாகத்தின் பிரதிநிதி. எதிரே அம்மாவும் அப்பாவும். நடுவில் பக்கம் பக்கமாக அச்சடித்த திட்டம். அமெரிக்க அரசுப் பள்ளிகளில், சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைக்காக ஆண்டுக்கு ஒருமுறையாவது ‘ஐ.இ.பி.’ எனப்படும் தனிநபர் கல்வித் திட்டத்தைப் பரிசீலித்தாக வேண்டும். அந்தக் கூட்டத்தில் “எங்கே கையெழுத்துப் போடணும்?” என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிடும் பெற்றோர் உண்டு. சட்டமோ அவர்களைத் திட்டம் போடும் குழுவின் உறுப்பினர்களாகவே உட்கார வைத்திருக்கிறது.

அந்த இடம் சும்மா கிடைத்ததல்ல. 1971-ல் பென்சில்வேனியாவில், அறிவுவளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோர் சங்கம் மாநில அரசின் மீது வழக்குப் போட்டு, அந்தப் பிள்ளைகளுக்கும் பள்ளிக் கதவைத் திறக்க வைத்தது. நாடு முழுக்கப் பத்து லட்சம் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் அரசுப் பள்ளிக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தார்கள் என்று அமெரிக்க நாடாளுமன்றமே பதிவு செய்தது. 1975 நவம்பர் 29 அன்று அதிபர் ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்திட்ட, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான கல்விச் சட்டம்தான் இன்று ‘ஐடியா’ என்ற பெயரில் வழங்குகிறது.

அந்தச் சட்டப்படி, பெற்றோர் எழுத்தில் சம்மதம் தராமல் பள்ளி பொதுவாக முதல் மதிப்பீட்டைச் செய்ய முடியாது; சிறப்புக் கல்வியைத் தொடங்கவும் முடியாது. பெற்றோர் பிள்ளையின் பதிவேடுகளைப் பார்க்கலாம். பள்ளியின் மதிப்பீடு சரியில்லை என்று பட்டால், அரசுச் செலவில் வெளி நிபுணரின் மதிப்பீட்டைக் கேட்கலாம். மறுப்பதானால், தன் மதிப்பீடு சரியானதே என்று பள்ளிதான் விசாரணையில் நிரூபிக்க வேண்டும். கேட்ட உதவியைத் தர மறுத்தாலும் காரணத்தை எழுத்தில் தந்தாக வேண்டும்.

கொலராடோவின் டக்ளஸ் கவுண்டியில், ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவனுக்கு ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே இலக்குகள்தான் எழுதப்பட்டுவந்தன. ஐந்தாம் வகுப்புக்கும் அதே கதை என்றதும் பெற்றோர் திட்டத்தை ஏற்கவில்லை. 2010-ல் தனியார் பள்ளிக்கு மாற்றினார்கள். அங்கே பையனிடம் முன்னேற்றம் தெரிந்தது. கட்டணத்தைத் திருப்பித் தரக் கேட்டு வழக்காடியவர்கள் கீழ் நீதிமன்றங்களில் தோற்றார்கள். 2017-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக வேறு தீர்ப்புச் சொன்னது: பெயரளவு முன்னேற்றம் போதாது, அந்தப் பிள்ளையின் நிலைக்குத் தக்க முன்னேற்றத்துக்கு வழிசெய்வதாகத் திட்டம் இருக்க வேண்டும்.

ஆகவே, “வாசிப்பு மேம்படும்” என்று எழுதியிருந்தால் கையெழுத்துக்கு முன் கேள்வி கேட்க வேண்டும். இன்று நிமிடத்துக்கு எத்தனை சொல் வாசிக்கிறான்? அடுத்த ஆண்டுக்குள் எத்தனை? அளப்பவர் யார்? வாரத்துக்கு எத்தனை நிமிடம் பயிற்சி?

கோரிக்கைகளை எழுத்தில், தேதியிட்டுக் கொடுப்பது நல்லது. பிள்ளையை நன்கு அறிந்த ஒருவரைக் கூட்டத்துக்குத் துணைக்கு அழைத்துப் போகலாம். ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் பெற்றோருக்குப் பள்ளியே மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்ய வேண்டும்; அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். உடன்பாடு வராவிட்டால் கட்டணமில்லாச் சமரசப் பேச்சு, அதற்கும் மேலே விசாரணை என்று வழிகள் இருக்கின்றன. வழக்கு நடக்கும்போது பிள்ளை, பொதுவாக, ஏற்கெனவே பெற்றுவரும் உதவிகளோடு அதே இடத்தில் தொடரலாம். வழிகாட்ட, மத்திய அரசின் நிதியில் இயங்கும் பெற்றோர் பயிற்சி மையம் மாநிலம்தோறும் உண்டு.