வளையத்தான் வேண்டும்!
மோட்டார் சைக்கிளைக் காக்கும் இரும்புக் குழாய்

தடால்!

பூந்தமல்லி சாலை. மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. சிக்னலில் சிவப்பு விளக்கு. ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நிற்கிறது. பின்னால் இரண்டு பெரிய பைகள், சுருட்டிக் கட்டிய கூடாரம். பெங்களூரையும் தாண்டி நெடுந்தூரம் போகிற வண்டி அது. ஓட்டுகிறவர் இடது காலைத் தரையில் ஊன்றுகிறார். அங்கே சேறு. கால் வழுக்குகிறது. வண்டி சாய்கிறது. பிடித்துப் பார்க்கிறார். முடியவில்லை.

வேகம் இல்லை. யார் மீதும் மோதவில்லை. நின்ற இடத்திலேயே விழுந்த வண்டிக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்றுதான் நினைக்கத் தோன்றும்.

அந்த வண்டியின் எடை என்ன தெரியுமா? சென்னைக்கு அருகே தயாராகும் ராயல் என்பீல்டு 'இமாலயன் 450' வண்டி 196 கிலோ. பையும் பெட்டியும் ஏற்றினால் 200 கிலோவைத் தாண்டிவிடும். அது சாயும்போது எடை முழுவதும் கால் மீட்டர் கீழே இறங்குவதாக வைத்துக்கொள்வோம். 50 கிலோ அரிசி மூட்டையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் என்ன அடி விழுமோ, அதே அடிதான் விழும்.

கிளட்ச் பிடி ஒடியும். கியர் மிதி உள்ளே மடங்கும். பெட்ரோல் டாங்கி நசுங்கும். இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். எஞ்சின் மூடி உடைந்தால்தான் ஆபத்து. அது அலுமினிய வார்ப்பு. இரும்புத் தகடு போல் வளைந்து கொடுக்காது, விரிசல் விட்டுவிடும். எண்ணெய் முழுவதும் ஒழுகிப் போகும். எண்ணெய் இல்லாமல் எஞ்சின் ஓடாது. பூந்தமல்லி என்றால் தள்ளிக்கொண்டே பட்டறைக்குப் போய்விடலாம். லடாக் மலைப்பாதையில் அந்தி சாயும் நேரத்தில் என்ன செய்வது?

இதற்காகத்தான் எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் காதுகள் போல் வளைந்த இரும்புக் குழாயை மாட்டுகிறார்கள். 'கிராஷ் கார்டு' என்றும் 'லெக் கார்டு' என்றும் கடைகளில் சொல்கிறார்கள். வண்டி சாய்ந்தால் முதலில் தரையைத் தொடுவது இந்தக் குழாய்தான். வண்டி முழுவதுமாகப் படுத்துவிடாமல் பாதியிலேயே தாங்கி நிற்கும். திரும்பத் தூக்கி நிறுத்துவதும் சுலபம்.

கனமாக இருந்தால் நல்லதா?

கடைக்குப் போகிறவர்கள் குழாயைத் தட்டிப் பார்த்து, "இன்னும் கனமாக இல்லையா?" என்று கேட்பார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு சிறிய கணக்கு. விழுகிற வண்டியைக் குழாய் 1 செ.மீ. தூரத்துக்குள் தடுத்து நிறுத்தினால், ஏறக்குறைய 5 டன் பாரம் அந்த இடத்தில் விழும். அதே குழாய் 5 செ.மீ. வளைந்து கொடுத்து நிறுத்தினால், பாரம் ஒரு டன்தான். கிரிக்கெட் பந்தைப் பிடிக்கிற பையன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறான் அல்லவா? அதே தந்திரம்தான் இது.

குழாய் வளையவே இல்லை என்றால் அடி எங்கே போகும்? அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுக்குப் போகும். அங்கிருந்து வண்டியின் சட்டத்துக்கோ, எஞ்சினுக்கோ போகும். குழாய் மாற்றுவது ஒரு மணி நேர வேலை. சட்டம் கோணிக்கொண்டால் வண்டியின் கதையே வேறு. ஆகவே, குழாய் வளையத்தான் வேண்டும். சட்டம் வளைவதற்கு முன் அது வளைய வேண்டும். ஆனால் எஞ்சினைத் தொடும் அளவுக்கு வளையக் கூடாது. வடிவமைப்பவரின் திறமை முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

மூங்கிலைப் பாருங்கள். உள்ளே ஒன்றுமில்லை. ஆனாலும் சாரம் கட்டுகிறோம். குழாயும் அப்படித்தான். சுவரின் கனத்தை மாற்றாமல் குழாயின் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் எடை இரண்டு மடங்காகும். விறைப்போ எட்டு மடங்காகும்! அதனால்தான் விட்டத்தை ஒரு சில மில்லிமீட்டர் கூட்டுவதற்கும் யோசிக்கிறார்கள்.

ஆவடிக் குழாய்

பூந்தமல்லிக்குப் பக்கத்தில் ஆவடி. ஆவடி என்றதும் ராணுவ டாங்கித் தொழிற்சாலைதான் நினைவுக்கு வரும். அதற்கும் முன்பே, 1955-ல், 'டியூப் புராடக்ட்ஸ் ஆப் இந்தியா' என்ற குழாய்த் தொழிற்சாலை அங்கே வந்துவிட்டது. (ஆவடியில் காங்கிரஸ் மாநாடு நடந்ததும் அதே ஆண்டுதான்.) அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை நடத்தி வந்த முருகப்பா குழுமத்தினர், இங்கிலாந்துக் கம்பெனியின் கூட்டுறவோடு அதைத் தொடங்கினார்கள்.

நீளமான எஃகுத் தகட்டை வெற்றிலையைச் சுருட்டுவது போல் உருளைகளுக்கு நடுவே சுருட்டி, இரண்டு ஓரங்களையும் மின்சாரத்தால் ஒட்டவைக்கிறார்கள். அதுதான் குழாய். இந்த வகைக் குழாய்தான் வண்டிச் சட்டங்களுக்கும் கிராஷ் கார்டுகளுக்கும் ஏற்றது.

குழாயை வளைப்பதும் ஒரு கலை. சும்மா வளைத்தால் வளைவில் சப்பையாகிவிடும். அந்த இடம் பலவீனம். பழைய பட்டறைக்காரர்கள் குழாய்க்குள் மணலை இறுக்கி அடைத்து, இரண்டு முனையையும் மூடி, பிறகு வளைப்பார்கள். இப்போது அதற்கு எந்திரம் இருக்கிறது.

மாட்டும் இடமும் முக்கியம். ஒரே போல்ட்டில் தொங்கவிடக் கூடாது. சட்டத்தில் இரண்டு மூன்று இடங்களில் பிடிக்க வேண்டும். இடது குழாயையும் வலது குழாயையும் ஒரு குறுக்குக் கம்பியால் இணைத்தால், அடி இரண்டு பக்கமும் பங்காகும். குழாய் மிக அகலமாக இருந்தால் திருப்பத்தில் வண்டி சாயும்போது தரையில் உரசும். நெரிசலில் நடந்து போகிறவரின் காலையும் இடிக்கும்.

காலைக் காக்குமா?

'லெக் கார்டு' என்ற பெயரைக் கேட்டு ஏமாந்துவிடக் கூடாது. நின்ற வண்டி சாய்ந்தால், கால் அடியில் சிக்காமல் ஓரளவு இடம் கிடைக்கும். அது உண்மை. வேகமாகப் போய் மோதினால்?

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் ஹாரி ஹர்ட் என்பவரின் தலைமையில் ஒரு பல்கலைக்கழகக் குழு 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்தது. 1981-ல் முடிவை வெளியிட்டது. இந்தக் குழாயால் கணுக்காலிலும் பாதத்திலும் படும் காயம் குறைகிறது. ஆனால் முழங்காலிலும் தொடையிலும் படும் காயம் அந்த அளவுக்குக் கூடிவிடுகிறது என்று அந்தக் குழு கண்டது. குழாய் இருக்கிறது என்ற தைரியத்தில் வேகம் கூட்டுகிற பிள்ளைகளுக்கு வீட்டில் உள்ளவர்கள் இதை எடுத்துச் சொல்லலாம்.

பின்னால் உட்காரும் பெண்களின் சேலை சக்கரத்தில் சிக்காமல் காக்கும் கம்பி வலையைச் சட்டமே கட்டாயமாக்கியிருக்கிறது. கிராஷ் கார்டு அப்படி அல்ல. விரும்பினால் மாட்டிக்கொள்வதுதான்.

விழுந்துவிட்டால் முதலில் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்துங்கள். பெட்ரோல் ஒழுகலாம். வண்டியை நிறுத்திய பிறகு குழாயைப் பிடித்திருக்கும் இடங்களைப் பாருங்கள். பெயிண்ட் உரிந்து மயிரிழை போல் கோடு தெரிந்தால் அது விரிசல். வளைந்த குழாயைச் சூடு காட்டி நிமிர்த்தி மறுபடியும் மாட்டித் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். ஒரு முறை வளைந்த இடத்தில் பழைய பலம் இருக்காது. பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள்.