வெண்பனிக்குத் தாய் எது?

"குளிர் மிகுந்தால் பனி பெய்யும்" என்று வகுப்பில் சொல்லி முடித்தேன். நாளிதழில் வந்த பஃபலோ நகரப் படத்தைக் கையில் வைத்திருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, பக்கத்து ஊரிலும் அதே குளிர்தானே? இங்கு மட்டும் ஏன் ஆளுயரம் விழுந்தது?" என்று கேட்டான். நான் கூறியது பாதி விடையே என்பதை அவ்வினா உணர்த்திற்று. மறுபாதியை ஈண்டு ஆராய்வோம்.

பனி என்றதும் நம் மாணாக்கர் நினைப்பது காலையில் புல் நுனியில் நிற்கும் துளியையே. இங்குப் பேசப்படுவதோ முகிலிலேயே நீராவி படிகமாய் உறைந்து வீழ்வது. அதனை வெண்பனி என்போம்.

பஃபலோ, அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ஈரி என்னும் ஏரியின் கீழைக்கோடியில் உள்ளது. மேற்கினின்று கிழக்காகச் சற்றே வடக்குச் சாய்ந்து, ஏறத்தாழ 390 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் ஏரி அது. கோடையில் கொண்ட வெப்பத்தை நீர் எளிதில் விடாது. ஆதலின் நவம்பர், டிசம்பர் மாதங்களிலும் ஏரி பெரும்பாலும் உறையாது நிற்கும். அக்காலத்தில் வடபுலத்துக் கடுங்குளிர்க் காற்று ஏரியின் நெடுக்கே வீசினால், நீர் அதற்குச் சூடும் ஈரமும் ஊட்டுகிறது. வெதும்பிய காற்று மேலெழுந்து, குளிர்ந்து, முகிலாகி, கரையில் வெண்பனியாய்ப் பொழிகிறது. நீர்ப்பரப்புக்கும் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்துக் காற்றுக்கும் ஏறக்குறைய 13 பாகை செல்சியசு வேறுபாடு வேண்டும் என்பது வானிலையாளர் கொள்ளும் அளவு. குளிர் தந்தை எனின், உறையாத ஏரியே தாய்.

அம்முகில் ஒடுங்கிய பட்டையாய் வருவது. 2014 நவம்பரில் நகரின் தென்புறம் 5 அடிக்கு மேற்பட்ட பனியில் புதைந்தது. சில கல் தொலைவிலுள்ள வடபுறத்திலோ சில அங்குலமே. மாணவன் வினாவுக்கு விடை இதுவே.

ஏரி உறைந்துவிட்டால் ஆவி எழாது; பொழிவும் குறையும். ஆயினும் இடர் நீங்கிற்று என்று எண்ணலாகாது. 1976 டிசம்பர் நடுவிலேயே ஈரி உறைந்தது. அதன்மேல் வெண்பனி பொடிபொடியாய்க் குவிந்து கிடந்தது. 1977 சனவரி 28 அன்று எழுந்த சூறை, மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் அதனை வாரி நகர்மேல் கொட்டிற்று. அந்நாட்களில் வானினின்று புதிதாய் விழுந்தது ஏறத்தாழ ஓரடியே. விலங்குக் காட்சிச்சாலையில் பனி வேலியளவு ஏறியதால், மூன்று கலைமான்கள் அதன்மேல் நடந்து வெளியேறின. மாந்தர்க்கோ அவ்வழி கிட்டவில்லை. 29 பேர் மாண்டனர். பனியில் புதைந்த உந்துகளுக்குள் இறந்தோரும் அவர்களுள் அடங்குவர்.

2022 டிசம்பரில் ஏரி உறையாதிருந்தபோதே சூறையும் பொழிவும் ஒருங்கே வந்தன. 40 பேருக்கு மேல் உயிரிழந்தனர்.

இன்னொன்றும் கருதற்பாலது. ஈரி உள்ளிட்ட ஐம்பேரேரிகளில் பனிக்கட்டி மூடும் பரப்பு, ஆண்டுதோறும் ஏறி இறங்கினும், 1970களினின்று மொத்தத்தில் குறைந்து வருகிறது. உறையாத நீர் நெடுநாள் நின்றால், குளிர்காற்று வரும்போது வெண்பனிக்கு இடமும் மிகும். ஆகவே, "உலகம் வெம்மையுற்றால் பனி குறையும்" என்று கரும்பலகையில் எழுதிவிடுவதும் மற்றொரு பாதி விடையாகிவிடும்.

மறுநாள் என் பழைய வாக்கியத்தை அழித்துவிட்டு, "வெம்மை மாறா நீரும் கடுங்குளிர்க் காற்றும் கூடின் ஏரிக்கரையில் வெண்பனி பொழியும்" என்று எழுதினேன். திருத்தியவன் அம்மாணவன், எழுதியது மட்டுமே நான்.