பண்ணையில் இறந்த கால்நடையும் பெங்களூர்க் கூட்டெரு முறையும்

எவ்வளவு சீராக நடைபெறும் பண்ணையிலும் சாவு நேர்வது இயல்பே. நானூறு கிலோகிராம் எடையுள்ள கறவைப் பசு ஒன்று கொட்டகையில் இறந்துவிட்டால், வெப்ப நாடாகிய நம் நாட்டில் சில மணி நேரத்திலேயே அதன் உடல் ஊதத் தொடங்குகிறது. ஈக்கள் மொய்க்கின்றன, நாய்கள் சூழ்கின்றன, அழுகிய நீர் மண்ணுள் இறங்கி அண்மையிலுள்ள கிணற்றை அடையவும் கூடும். ஆகவே, இறந்த உடலை எவ்வாறு அகற்றுவது என்பது ஒரு குடும்பத்தின் குடிநீரையும் ஓர் ஊரின் உடல்நலத்தையும் பொறுத்த வினாவாகும்.

முன்னாளில் இவ்வினா பெரிதாக எழவில்லை. அதற்குக் காரணங்கள் இரண்டு. இறந்த மாட்டை அகற்றும் வேலை பிறப்பின் பெயரால் ஒரு சாரார் மீது சுமத்தப்பட்டிருந்தது என்பது ஒன்று. அக்கொடுமை ஒழிய வேண்டியதே. பிணந்தின்னிக் கழுகுகள் ஏராளமாக இருந்தன என்பது மற்றொன்று. 1990ஆம் ஆண்டுகளில் தொடங்கிய அழிவினால் இப்பறவைகளின் தொகை இந்தியாவில் மிகவும் சுருங்கிவிட்டது. கால்நடைகளுக்கு அளிக்கப்பட்ட டைக்ளோபினாக் என்னும் வலிநீக்கி மருந்து, இறந்த உடல் வழியே கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்ததே இதற்குக் காரணம் என 2004இல் தெரியவந்தது. 2006இல் கால்நடை மருத்துவத்தில் அம்மருந்து தடை செய்யப்பட்டது. பெங்களூரை அடுத்த ராமநகரக் குன்றுகளில் 2012ஆம் ஆண்டில் கழுகுகளுக்கெனச் சரணாலயம் ஒன்று அமைந்தது. எனினும், அகற்றும் பணி இன்று மனிதனையே சார்ந்துள்ளது.

பெங்களூர் தந்த முறை

கழிவை எருவாக மாற்றும் கலையில் பெங்களூருக்குத் தனி இடம் உண்டு. இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்டும் யஷ்வந்த் வாடும் 1924 முதல் 1931 வரை ஆராய்ந்து வகுத்த முறையில், குவியலை அடிக்கடி புரட்டிக் காற்றூட்ட வேண்டும். இதற்கு ஆள் வேலை மிகுதி. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 1939ஆம் ஆண்டில் டாக்டர் சி. என். ஆச்சார்யா வேறொரு வழி கண்டார். நகரக் குப்பையையும் மலக் கழிவையும் குழியில் அடுக்கடுக்காக இட்டு, மேலே சேறு பூசி மூடிவிட்டார். தொடக்கத்தில் உள்ளிருக்கும் பிராணவாயுவினால் உஷ்ணம் ஏறுகிறது. பின்னர் காற்றில்லா நிலையில் மெல்ல மட்குதல் நிகழ்கிறது. புரட்டும் வேலை இல்லை. நாற்றமும் ஈயும் குறைவு. ஆனால் எரு முதிரப் பல மாதங்கள் செல்லும்.

இறந்த உடலுக்கு ஏற்ற மாற்றம்

உடலைக் கூட்டெருவாக்கும் முறை இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது எனலாம். மூடிவிட்டுத் தொடாமல் விடுவது பெங்களூர் முறையை ஒத்தது. மூடுபொருள் காற்றுப் புகும் தன்மையுடன் இருப்பது இந்தூர் முறையை ஒத்தது. அமெரிக்காவில் மேரிலாந்து பல்கலைக் கழகத்தினர் 1980ஆம் ஆண்டுகளில் இறந்த கோழிகளைக் கொண்டு இதனைச் செய்து காட்டினர். பின்னர் இம்முறை பன்றிக்கும் மாட்டுக்கும் விரிவுபடுத்தப்பட்டது.

இதன் தத்துவம் எளிது. உடலில் நைட்ரஜனும் நீரும் மிகுதி, கரிச்சத்து குறைவு. வைக்கோலிலும் மரத்தூளிலும் கரிச்சத்து மிகுதி. ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கரி என்னும் அளவில் இரண்டும் கூடினால் நுண்ணுயிர்கள் செழிக்கும். உடலை அடுத்த பகுதியில் காற்றில்லா நுண்ணுயிர்கள் தசையைச் சிதைக்கின்றன. அங்கிருந்து கசியும் நீரையும் வாயுக்களையும், சுற்றியுள்ள உலர்பொருளில் வாழும் காற்றுவாழ் நுண்ணுயிர்கள் ஏற்று, நாற்றமற்றவையாக மாற்றுகின்றன.

செய்முறை

கிணற்றுக்கும் ஓடைக்கும் தொலைவில், மழைநீர் தேங்காத மேட்டு நிலத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். வைக்கோல், மரத்தூள், தென்னைநார்க் கழிவு, வேர்க்கடலைத் தோடு ஆகியவற்றுள் கிடைப்பதை 60 சென்டிமீட்டர் கனத்திற்குப் பரப்பி, அதன் நடுவில் உடலைக் கிடத்த வேண்டும். பக்கங்களிலும் மேலேயும் அதே கனத்திற்கு மூட வேண்டும். பாதி மட்கிய சாணத்தைக் கலந்தால் மட்குதல் விரைவாகும். குவியலின் ஈரம் பிழிந்தெடுத்த துணியின் ஈரத்தை ஒத்திருத்தல் நன்று. நாய் தோண்டாவண்ணம் முள்வேலி இடுதல் இன்றியமையாதது.

சில நாட்களில் உள்ளே உஷ்ணம் 55 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் ஏறும். மூன்று நாட்களேனும் இவ்வுஷ்ணம் நீடித்தால் பெரும்பாலான நோய்க்கிருமிகள் மடிகின்றன. கோழிக்குச் சில வாரங்களும் மாட்டிற்கு ஆறு மாத அளவும் வேண்டும். தசை மறைந்தபின் ஒருமுறை புரட்டி மீண்டும் மூடலாம். எஞ்சும் பெரிய எலும்புகளை அடுத்த குவியலில் இடலாம். இவ்வெருவை மரப்பயிர்களுக்கு இடுவதே தக்கது. பச்சையாக உண்ணும் காய்கறிகளுக்கு இடலாகாது.

எச்சரிக்கை

எல்லா உடலும் இம்முறைக்கு உரியதன்று. மாடு திடீரென இறந்து, மூக்கிலிருந்தோ குதத்திலிருந்தோ உறையாத கருங்குருதி வடிந்தால், ஆந்த்ராக்ஸ் எனப்படும் அடைப்பான் நோயை ஐயுற வேண்டும். அவ்வுடலை அறுக்கவும் தோலுரிக்கவும் கூடாது. காற்றுப்பட்டால் கிருமிகள் வித்துக்களாக மாறி, மண்ணில் பல்லாண்டுகள் உயிருடன் கிடக்கும். கூட்டெருவின் உஷ்ணம் அவ்வித்துக்களை அழிக்கவல்லதன்று. கால்நடை மருத்துவருக்கு உடனே அறிவித்து, அவர் கூறும் வண்ணம் எரிப்பதோ ஆழப் புதைப்பதோ ஒன்றே வழி. தொற்றுநோய்களைக் குறித்த 2009ஆம் ஆண்டுச் சட்டமும் அறிவித்தலைக் கட்டாயமாக்குகிறது. பெங்களூர் ஹெப்பாளத்திலுள்ள கால்நடை உடல்நல உயிரியல் மருந்து நிலையம் அடைப்பான் தடுப்பு மருந்தைத் தயாரித்து வருகிறது. நோய் தோன்றும் வட்டாரங்களில் ஆண்டுதோறும் தடுப்பூசி இடுவதே முதற் காப்பு.

சாவின் காரணம் முதலில் தெளிவாக வேண்டும். அதன் பின்னரே உடலை அகற்றும் வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும். இவ்வொழுங்கைக் கடைப்பிடிக்கும் பண்ணையில், கிணற்றைக் கெடுத்திருக்கக்கூடிய பொருளே மறு ஆண்டு தென்னைக்கு உரமாகும்.