கையெழுத்துப் போட்டவர் தலையில் கடன்

2024 செப்டம்பரில் இலங்கை ஜனாதிபதித் தேர்தல் முடிவு வெளியான நேரம். ஷாதிபூரில் நான் வழக்கமாகத் தேநீர் குடிக்கும் கடையிலும் அதே பேச்சுதான். அங்கு வரும் பெரியவர் ஒருவர் இலங்கை மலையகத்தில் பிறந்தவர். சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தப்படி இந்தியா வந்து, நமது கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறிய குடும்பம். அவர் என்னிடம் கேட்டார்:

“ஏன் சார், கேஸுக்கும் பெட்ரோலுக்கும் சனங்க ராப்பகலா வரிசையில நின்னுச்சு. ரணில் வந்து கடன வாங்கி அந்த வரிசைய இல்லாம ஆக்குனாரு. அவரையே மூணாவது இடத்துக்குத் தள்ளிப்புட்டாங்களே, இது நியாயமா?”

நியாயமா, அநியாயமா என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் இது இலங்கையில் மட்டும் நடந்த கதை அல்ல. நம் நாட்டிலும், குறிப்பாகத் தமிழகத்திலும் நடந்த கதை. அன்று அவருக்குச் சொல்ல முயன்றதைத்தான் இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

கடனும் நிபந்தனையும்

ஒரு நாடு வெளியிலிருந்து பெட்ரோலும் உரமும் மருந்தும் வாங்க வேண்டுமானால் டாலர் வேண்டும். அன்னியச் செலாவணி தீர்ந்துவிட்டால் யாரும் சரக்குத் தரமாட்டார்கள். அந்த நிலையில் கைகொடுக்க இருப்பது சர்வதேச நிதியம். அது சும்மா கொடுப்பதில்லை. நாணய மதிப்பைக் குறை, மானியத்தை வெட்டு, வரியை உயர்த்து, பற்றாக்குறையைச் சுருக்கு என்று நிபந்தனைகள் வரும். இதற்குத்தான் சிக்கன நடவடிக்கை என்று பெயர்.

ஏட்டில் இது கணக்கு. வீட்டில் இது அடுப்பு. அந்தமான்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அரிசியும் பருப்பும் சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் கப்பலில் வருகின்றன. மின்சாரத்தில் பெரும்பகுதி டீசலில் ஓடும் இயந்திரங்களிலிருந்து வருகிறது. தீவுக்குத் தீவு செல்லும் படகின் கட்டணத்தை மானியம்தான் தாங்குகிறது. ‘மானியம்’ என்ற சொல் டெல்லியில் பட்ஜெட்டின் ஒரு வரி. இங்கே அது பயணச் சீட்டின் விலை.

1966: சொல்லாமல் செய்த வைத்தியம்

1965இல் பாகிஸ்தானோடு போர். அமெரிக்க உதவி நின்றது. 1965, 1966 இரண்டு ஆண்டுகளும் மழை பொய்த்தது. அமெரிக்கக் கோதுமையை எதிர்பார்த்து நாடு காத்திருந்தது. உலக வங்கியும் சர்வதேச நிதியமும் ரூபாயின் மதிப்பைக் குறைக்கச் சொல்லி நெருக்கின. பிரதமராகி ஐந்து மாதம்கூட நிறையாத இந்திரா காந்தி ஒப்புக்கொண்டார். 1966 ஜூன் 6 அன்று, 4 ரூபாய் 76 காசாக இருந்த ஒரு டாலர் 7 ரூபாய் 50 காசாயிற்று.

அவரைப் பிரதமராக்கியதில் பெரும் பங்கு வகித்தவர் காங்கிரஸ் தலைவர் காமராஜர். அவருடைய சம்மதம் இல்லாமலே முடிவு எடுக்கப்பட்டது. அவர் அதைக் கடுமையாக எதிர்த்தார். சில மாதங்களுக்கு முன்வரை நிதியமைச்சராக இருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரியும் மதிப்புக் குறைப்பை எதிர்த்தவர். ஆதரித்து நின்ற தமிழர் உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம். மதிப்பைக் குறைத்தால் தாராளமாக வரும் என்று நம்பப்பட்ட வெளிநாட்டு உதவியோ, எதிர்பார்த்த அளவுக்கு வந்து சேரவில்லை. மருந்து கசந்தது; நோயும் தீரவில்லை.

அடுத்த ஆண்டே தேர்தல். மக்களவையில் 361 இடங்கள் வைத்திருந்த காங்கிரஸ் 283க்கு இறங்கியது. சென்னை மாநிலத்தில் தி.மு.க. 137 இடங்களைப் பிடித்து ஆட்சி அமைத்தது. முதலமைச்சர் பக்தவத்சலம் தோற்றார். சி. சுப்பிரமணியம் தோற்றார். எதிர்த்த காமராஜரும் விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார்!

இதற்கு மதிப்புக் குறைப்பு மட்டுமே காரணம் என்று சொன்னால் அது தவறு. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் காயம் ஆறவில்லை. அரிசிப் பஞ்சம் வேறு. ஆனால் விலைவாசிக் கோபம் என்று வந்துவிட்டால், கட்சிக்குள் யார் எதிர்த்தார், யார் ஆதரித்தார் என்று வாக்காளர் பிரித்துப் பார்ப்பதில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பது தி.மு.க.வின் தேர்தல் முழக்கம். ஆட்சிக்கு வந்த பிறகு ஒரு படியை, அதுவும் சென்னையிலும் கோவையிலும்தான் கொடுக்க முடிந்தது. ஆள் மாறலாம், கஜானா அதே கஜானாதான்.

1991: அடகுக்குப் போன தங்கம்

இரண்டாவது கதை நம்மில் பலருக்கு நேரிலேயே நினைவிருக்கும். வளைகுடாப் போரில் எண்ணெய் விலை ஏறியது. அங்கிருந்து வந்த பணமும் குறைந்தது. 1991 நடுவில், இரண்டு மூன்று வார இறக்குமதிக்கு மட்டுமே செலாவணி இருந்தது. ஜனவரியிலேயே சந்திரசேகர் அரசு சர்வதேச நிதியத்திடம் சுமார் 180 கோடி டாலர் வாங்கியிருந்தது. காங்கிரஸ் ஆதரவு ஆட்டம் கண்டதால் அந்த அரசால் முழு பட்ஜெட்கூடப் போட முடியவில்லை. மார்ச்சில் ராஜினாமா. மே மாதம் 20 டன் தங்கம் வெளிநாட்டில் விற்கப்பட்டது. ஜூலையில் ஏறத்தாழ 47 டன் தங்கம் ஈடாகக் கொடுக்கப்பட்டு, சுமார் 40 கோடி டாலர் கடன் பெறப்பட்டது. அப்போது ரிசர்வ் வங்கியின் ஆளுநர் எஸ். வெங்கிட்டரமணன், துணை ஆளுநர் சி. ரங்கராஜன், இருவருமே தமிழர்கள்.

பற்றாக்குறை, செலாவணி என்றால் புரியாதவர்களுக்கும் அடகு என்றால் புரியும். நகை வீட்டை விட்டுப் போனால் அந்த வீட்டுப் பெண்ணின் முகத்தில் என்ன தெரியுமோ, அது அன்று நாட்டின் முகத்தில் தெரிந்தது.

ஜூன் 21 அன்று பதவியேற்ற நரசிம்மராவ் அரசுக்குப் பெரும்பான்மை கிடையாது. ஆனாலும் ஜூலை 1, 3 தேதிகளில் ரூபாய் மதிப்பு இரண்டு தவணையாகக் குறைக்கப்பட்டது. ஜூலை 24 பட்ஜெட்டில் நிதியமைச்சர் மன்மோகன் சிங் உர விலையை 40 சதவீதம் உயர்த்தினார். பெட்ரோல், சமையல் எரிவாயு, ரேஷன் சர்க்கரை விலையும் ஏறியது. எதிர்க்கட்சிகள் மட்டுமல்ல, ஆளும் கட்சி உறுப்பினர்களே கொதித்தார்கள். ஆகஸ்ட் 6 அன்று உயர்வு 30 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. சிறு, குறு விவசாயிகளுக்கு விலக்கும் தரப்பட்டது.

அந்தப் பின்வாங்கலை அப்போது பலர் பலவீனம் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1966இல் கிடைக்காத ஒன்று 1991இல் கிடைத்தது: வாதம். சபையில் கேள்வி வந்தது, பதில் வந்தது, சுமையின் ஒரு பகுதி ஏழை விவசாயியின் தோளிலிருந்து இறங்கியது. சிறுபான்மை அரசு ஐந்தாண்டுகள் தாக்குப்பிடித்ததற்கு வேறு காரணங்களும், வேறு வழிகளும் உண்டு. ஆனால் இதுவும் ஒரு காரணம்.

1993க்குப் பிறகு இந்தியா சர்வதேச நிதியத்திடம் கடன் வாங்கவில்லை. வாங்கியதையும் 2000ஆம் ஆண்டுக்குள் திருப்பிக் கொடுத்தது. அரசியல் கூலி என்ன? 1996 தேர்தலில் காங்கிரஸ் 140 இடங்களுக்குச் சுருங்கியது. தமிழகத்தில் ஒரு இடம்கூட இல்லை. அதற்கு பாபர் மசூதி, ஊழல் புகார்கள், அ.தி.மு.க. கூட்டணி, த.மா.கா. பிளவு எனப் பல காரணங்கள் உண்டு. அதே தேர்தலில் நமது தீவுகள் காங்கிரசின் மனோரஞ்சன் பக்தாவையே மீண்டும் அனுப்பின என்பதையும் மறக்கக் கூடாது. மன்மோகன் சிங் 1999இல் தெற்கு டெல்லியில் நின்று தோற்றார். பத்தாண்டுகள் பிரதமராக இருந்த அவர், கடைசிவரை மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்படவே இல்லை.

இலங்கை: பழைய பாடம், புதிய பாடம்

பெரியவரின் ஊருக்கு வருவோம். இலங்கைக்கு இது புதிதல்ல. 1953இல் டட்லி சேனநாயக்கா அரசு அரிசி மானியத்தை வெட்டியது. 25 சதமாக இருந்த ஒரு கொத்து அரிசி 70 சதமாயிற்று. உலக வங்கிக் குழு சொன்ன யோசனையும் அதே திசையில்தான் இருந்தது. ஆகஸ்ட் 12 அன்று ஹர்த்தால், உயிர்ச்சேதம், அக்டோபரில் பிரதமர் ராஜினாமா. அதன் பிறகு அங்கே எந்த அரசும் அரிசியைத் தொடவே அஞ்சியது.

2022இல் கதை தலைகீழ். ஏப்ரலில் வெளிக்கடனைத் திருப்ப முடியாது என்று நாடு கைவிரித்தது. ஜூலையில் கோத்தபய ராஜபக்ச நாட்டை விட்டு ஓடினார். ரணில் விக்கிரமசிங்க பொறுப்பேற்றார். 2023 மார்ச்சில் சுமார் 300 கோடி டாலர் திட்டத்துக்கு சர்வதேச நிதியம் ஒப்புதல் தந்தது. அந்நாட்டின் பதினேழாவது திட்டம் அது! மின் கட்டணம் 2022 ஆகஸ்டில் 75 சதவீதமும், 2023 பிப்ரவரியில் 66 சதவீதமும் ஏறியது. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் 18 சதவீதம் ஆனது. வரிசைகள் மறைந்தன, ஆனால் பலரால் வாங்கத்தான் முடியவில்லை. பணமில்லை என்று உள்ளாட்சித் தேர்தலும் தள்ளிப்போயிற்று. கேட்க ஆளில்லாமல் போனது என்று மக்கள் நினைத்ததில் வியப்பென்ன? ரணிலுக்குக் கிடைத்தது 17 சதவீத வாக்கு.

அடுத்து வந்த அனுர குமார திசாநாயக்க அதே நிதியத்தின் திட்டத்தைத்தான் தொடர்ந்தார். மறுபடி அதே பாடம்: ஆள் மாறலாம், கஜானா மாறாது.

பெரியவருக்குச் சொன்னது

“ஐயா, கடனை உண்டாக்கியவர் ஒருவர், கையெழுத்துப் போட்டவர் இன்னொருவர். ஆனால் சனங்களுக்குத் தெரிவது கையெழுத்துதான். அது கொஞ்சம் அநியாயம்தான். ஆனால் ஒரு வீட்டில் நகையை அடகு வைக்க வேண்டி வந்தால், நல்ல குடும்பத் தலைவர் என்ன செய்வார்? எல்லாரையும் உட்கார வைத்துச் சொல்வார். தன் செலவை முதலில் குறைப்பார். குழந்தையின் பாலைக் கடைசியில்தான் தொடுவார். அப்படிச் செய்தவரை வீடு திட்டினாலும் வெறுக்காது” என்றேன்.

அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “எங்கள அந்த ஊர்லேருந்து கப்பல் ஏத்தினப்பவும் யாரும் கேக்கல சார்” என்றார்.

நான் ஆயிரம் வார்த்தையில் சொன்னதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். சுமையைச் சுமக்க நம் மக்களுக்குத் தெரியும். பஞ்சத்திலும் புயலிலும் சுனாமியிலும் சுமந்தவர்கள்தாம். தங்களைக் கேட்காமல் தோளில் ஏற்றிவைத்தால்தான், இறக்கிவைக்கத் தேர்தல் நாள் வரை காத்திருக்கிறார்கள்.